அடுத்த வருடத்துக்கான கொள்ளி

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் முதலில் முழங்கால், அதற்குப் பிறகு சீனி வருத்தம், அதற்கும் பிறகு பிள்ளைகளின் கலியாணம். எல்லாம் பேசி அலுத்தபின் யாராவது ஒருவர் லண்டனில் தாம் கண்ட முதல் குளிர்காலத்தைத் தொடங்குவார். ஒரே கோட்டை மூன்று பேர் முறைவைத்துப் போட்டது, பனியைக் கண்டு சாரத்தோடு வெளியே ஓடியது என்று சிரிப்புத்தான். நீயும் ஒன்று சொல்லேன் என்று என்னைக் கேட்பீர்கள். நான் தேத்தண்ணி போடப் போகிறவள்போல எழும்பிவிடுவேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சிரிக்க ஒன்றும் இல்லை, முதலே சொல்லிவைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் பன்னிரண்டு வயது. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பழைய வீட்டின் மேல்தட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேசனில் இரவு ஷிப்ட். அம்மாவும் நானும் வந்து சேர்ந்து சில மாதங்கள்தான். நாங்கள் புறப்படுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்தான் அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, ஊரில் ஷெல் விழுந்து செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் படையலுக்கு நிற்க முடியவில்லை. ஏஜென்சிக்காரன் சொன்ன நாளில் பிளேன் ஏற வேண்டியிருந்தது. அவனுக்கு ஒரு பிடி சோறு படைக்காமல் வந்திட்டன் என்று அம்மா அடிக்கடி சொல்லுவார். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டார்.

நாட்கள் சுருங்கச் சுருங்க அம்மாவும் சுருங்கினார். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போதே தெருவிளக்கு எரியும். அம்மா காலையில் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாரோ அதே பக்கம் பார்த்துப் படுத்திருப்பார். சுவரில் ஈரம் ஊறிப் பூத்த கறுப்புப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். தலைமாட்டில் நான் காலையில் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆடை படர்ந்து கிடக்கும். தலை வாரி இழுப்பதில்லை. சாப்பிடுவது நான் தீத்தினால் இரண்டு வாய். இந்தக் கோலத்தில் எத்தனை நாளைக்கு என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்ல வெட்கப்படுகிற பயம்தான்: ஒருநாள் வந்து தொடும்போது அம்மா குளிர்ந்து கிடப்பாரோ என்று.

பெரியவர்கள் அதற்கு வைத்த பெயர் சோம்பல். முக்கியமாகப் பெரியப்பா. அப்பாவின் தமையன், எழுபதுகளிலேயே படிக்க வந்து மோர்டனில் சொந்த வீடு வாங்கியவர், கோயில் கமிட்டியில் முன்வரிசை. எங்களை இங்கே எடுத்துவிட்டதும் அவர்தான், ஆகவே எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. வேலைவெட்டி இல்லாத ஆக்களுக்கு வருகிற வருத்தம் இது, நாலு வீடு போய்வந்தால் சரியாகிவிடும் என்பார். எந்த நாலு வீடு என்று சொன்னதில்லை.

அம்மா கடைசியில் போன ஒரே வீடு கீழ்வீடு. அங்கே ஒரு வெள்ளைக்காரி தனியாக இருந்தார். நமக்கு வெள்ளைக்காரியும் அன்ரிதானே, கீழ்வீட்டு அன்ரி என்போம். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்பிள்ளைச் சப்பாத்து, கத்தரித்த நரைமயிர், படியிலே இருந்து கூப்பிட்டால் தெருமுனைக்குக் கேட்கிற குரல். பின்வளவு அவருடைய பொறுப்பில் இருந்தது. அதில் ஒரு முதிய ஆப்பிள் மரம். காய் சிறிதாகவும் புளியாகவும் இருக்கும். உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்ன நான் காட்டிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதிகள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அன்ரி என்னைப் பக்கத்துப் பொதுவெளிக்குக் கூட்டிக்கொண்டுபோனார். சாக்கு நிறைய இலை வெட்டிக்கொண்டு வந்தோம். முள் இலையும் சிவப்புப் பழமுமாக ஒன்று, சுவரிலே படர்கிற கொடி ஒன்று, பைன் கொப்பு. குளிரில் எல்லாம் உதிர்ந்தபோதும் உதிராத இலைகளைத்தான் வீட்டுக்குள் எடுக்க வேண்டுமாம். ஊசியும் நூலுமாகக் கீழே இருந்து அவற்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். நேரம் போனது தெரியவில்லை. என்னைத் தேடி அம்மா இறங்கி வந்தார். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அவர் படியிறங்கினது அன்றைக்குத்தான். ஹவுஸ்கோட்டுக்கு மேலே அப்பாவின் கோட்.

கதவடியில் நின்றவர் மூக்கை உயர்த்தினார். அன்ரி தோடம்பழத்துக்குள் கராம்பு குத்திக்கொண்டிருந்தார். ஒரேஞ்சுத் தோலிலிருந்து தெறித்த எண்ணெயும் கராம்பும் பைன் பிசினும் சேர்ந்து அந்த அறை முழுக்க ஒரு வாசம். அன்ரி ஒரு தோடம்பழத்தையும் ஒரு பிடி கராம்பையும் அம்மாவின் கையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அம்மா கதிரையின் நுனியில் இருந்தார். முதலில் ஒன்று குத்தினார். பிறகு வரிசை பிடித்துக் குத்தத் தொடங்கினார், கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல. நான் இலை கட்டுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்ரி கிறிஸ்தவர் இல்லை. கிறிஸ்மஸ் நேற்றைக்கு முளைத்த பண்டிகை, தன்னுடையது அதற்கு முந்திய சனத்தின் கொண்டாட்டம் என்றார். வருடத்தின் ஆக நீண்ட இரவு ஒன்று இருக்கிறது. அதோடு சூரியன் திரும்பிவிடும். அந்தத் திரும்புதலைக் கும்பிடுவதுதான் தன் சமயம். அரைகுறை ஆங்கிலத்தில் நான் விளங்கியதை அம்மாவுக்குச் சொன்னேன். அந்த இரவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு, செத்தவர்களுக்கும் மேசையில் ஒரு தட்டு வைப்பது. அதைச் சொன்னபோது அம்மா கையிலிருந்த கராம்பைக் கீழே வைத்தார்.

"ஆருக்கு எண்டாலும் வைக்கலாமோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். யாருக்கென்றாலும் வைக்கலாம் என்றார் அன்ரி. அந்த இரவு வந்தபோது அம்மா குளித்து, தலை இழுத்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். மாமாவுக்கு அதென்றால் உயிர். கீழ்வீட்டு மேசையில் அன்ரியின் செத்துப்போன புருசனுக்கு ஒரு தட்டு, மாமாவுக்கு ஒரு தட்டு. அன்ரி வீட்டின் எல்லா லைற்றையும் அணைத்தார். இருட்டுக்குள் சும்மா இருந்தோம். இருட்டைக் கண்டு ஓட வேண்டியதில்லை, கொஞ்ச நேரம் அதோடு கூட இருக்கவேண்டும் என்று அன்ரி சொன்னார், நான் அம்மாவின் காதுக்குள் சொன்னேன். அப்போதுதான் அம்மா அழுதார். மாமா செத்ததற்கு அம்மா அழுது நான் கண்டது அதுதான் முதல்.

பிறகு அன்ரி சுவரில் பதித்த குளிர்காய்கிற அடுப்புக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு கரிக்கட்டையை எடுத்தார். போன வருடம் எரித்த மரத்தில் எரியாமல் மிஞ்சிய துண்டு. அதைப் பற்றவைத்து, அதிலிருந்துதான் இந்த வருடத்து மரத்துக்கு நெருப்பு. அப்படியே வருடத்துக்கு வருடம். எந்த வருடம் தொடங்கிய நெருப்பு என்று தன் தாய்க்கே தெரியாது என்றார். மரம் பிடித்து எரிந்தபோது அம்மாவின் முகத்தில் வெளிச்சம் பட்டது. இன்றைக்கும் அம்மாவை நினைத்தால் எனக்கு அந்த முகம்தான் வருகிறது.

விடிந்ததும் பின்வளவுக்குப் போனோம். ஆப்பிள் மரத்தை எழுப்ப வேண்டுமாம். மற்றவர்கள் இதை ஜனவரியில் செய்வார்கள், தனக்கு அதுவரை பொறுமை இல்லை என்றார் அன்ரி. சட்டி மூடியையும் அகப்பையையும் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா தட்டினார், நான் தட்டினேன். அன்ரி வேரிலே ஆப்பிள் மதுவை ஊற்றி, கொப்பில் ரொட்டித் துண்டுகளைக் கொழுவினார். வேலை முடிந்து வந்த அப்பா பின்கதவில் நின்று தன் மனைவி ஒரு மரத்தடியில் சட்டி மூடி தட்டுவதைப் பார்த்தார். கூரைகளுக்கு மேலாகச் சூரியன் மெலிந்துபோய் எழும்பிக்கொண்டிருந்தது.

"இதென்ன, எங்கட பொங்கல் மாதிரித்தானே" என்றார் அப்பா. அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. இதை நீங்கள் மறக்கக்கூடாது, அதனால்தான் சொல்லுகிறேன். அப்பாவுக்கு அன்றைக்கே விளங்கியிருந்தது.

நாங்கள் மேலே வரும்போது அன்ரி அந்த வருடத்து மரத்தின் எரியாத நுனியைச் சிவப்புக் கம்பளி நூலால் கட்டி அம்மாவிடம் கொடுத்தார். தான் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் நீ இதைக் கொண்டு இறங்கி வந்தால்தான் என் வீட்டில் நெருப்பு, வராவிட்டால் இல்லை என்றார். இதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார். மேலே கொண்டுவந்து சாமித்தட்டில் விபூதிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த ஒரு மாதம் எங்கள் வீடு வீடாக இருந்தது. நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது தாளித்த மணம் படியிலேயே வரும். அம்மா கடைக்குப் போனார். எனக்குப் பின்னல் பின்னினார். பகல் நாளுக்கு ஒரு கோழிக்காலடி நீள்கிறது என்று அன்ரி சொல்லிக்கொடுத்ததை அப்பாவுக்குச் சொல்லி, ஜன்னலால் வெளிச்சம் பார்த்தார்.

பிறகு குரோய்டனில் இருக்கிற அந்தப் பெரிய குடிவரவுக் கட்டடத்திலிருந்து எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு மறுப்பு வந்தது. அப்பீல் பற்றிக் கதைக்கப் பெரியப்பா வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எப்போதும்போல முதலில் சாமித்தட்டுக்குப் போய்க் கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

கொள்ளிக்கட்டை. சிவப்பு நூல் சுற்றிய கொள்ளிக்கட்டை, சாமிக்குப் பக்கத்தில். நமக்குக் கொள்ளி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுடலைக்குப் போகிறது, வீட்டுக்குள் வராதது. அதுவும் மார்கழி மாதத்தில், பிறத்தியாள் கொடுத்து வாங்கினது. பெரியப்பா என்னை விசாரித்தார். நான் நல்லது செய்வதாக நினைத்து எல்லாவற்றையும் சொன்னேன், சூரியன் திரும்புவது, நெருப்பு வருடத்துக்கு வருடம் போவது எல்லாம். அவர் காதில் விழுந்தது வேறு. செத்தவனுக்குத் தட்டு வைத்துக் கூப்பிட்டது. மரத்தடியில் சாராயம் ஊற்றி ரொட்டி கட்டினது. ஊரில் சந்தியில் கழிப்புக் கழிப்பார்களே, பேய்க்குச் சோறும் சாராயமும் வைத்து, அதுதான் இது என்று தீர்த்தார். குரோய்டன் மறுத்ததற்குக் காரணமும் கண்டுபிடித்தாகிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அப்போது நினைத்தேன்.

அம்மா பெரியப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "அத்தான், அது வந்த பிறகுதான் நான் எழும்பினனான்."

"அதுதான் பாரும். எழுப்பினது ஆர் எண்டு யோசியும்" என்றார் பெரியப்பா.

அம்மா அப்பாவைப் பார்த்தார். பொங்கல் மாதிரித்தானே என்ற அந்த வாய் திறந்தால் போதும். அப்பா கார்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமையனிடம் பெற்ற கடனுக்கு எங்கள் அப்பா எப்போதும் தன் நாக்கைத்தான் கொடுத்தார்.

பெரியப்பா கையால் தொடாமல் பழைய பேப்பரில் சுற்றி எடுத்தார். தேசிக்காயை வெட்டிக் குங்குமம் தடவினார். குளத்தடிச் சந்தி தெரியும்தானே, குளம் இல்லாத குளத்தடி, பஸ்ஸெல்லாம் சுற்றிப் போகிற இடம். நாலு தெருவும் சேருகிற இடமென்று அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தார். அந்த வீட்டில் அந்த வருடம் செய்வினை செய்தது ஒரே ஒரு ஆள்தான், அவர் கோயில் கமிட்டியில் இருந்தார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஓடிப்போய்ப் பார்த்தேன். தேசிக்காய்ப் பாதி நசிந்து கிடந்தது. கட்டையைத் துப்புரவுக்காரர் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அதோடு பெரியப்பா விட்டாரா? கீழே போய்க் கதவைத் தட்டி, மிக நல்ல ஆங்கிலத்தில், மேலே பிள்ளை இருக்கிறது, புகை ஆகாது என்றார். கவுன்சிலுக்கு முறைப்பாடு. வீட்டுச் சொந்தக்காரருக்கும் முறைப்பாடு. லண்டனில் அடுப்பில் விறகு எரிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். வருடத்தில் ஒருநாள் ஒரு மரத்துண்டு எரித்த மனுஷிக்கு அந்தச் சட்டம். பழைய வாடகைக்கு இருக்கிற கிழவியை எப்படிக் கிளப்புவது என்று சொந்தக்காரர் வழி தேடிக்கொண்டிருந்தார், வழி மேலே இருந்து இறங்கி வந்தது. எப்படியெல்லாம் நெருக்கினாரோ எனக்குத் தெரியாது. கோடை முடிவதற்குள் அன்ரி வடக்கே எங்கேயோ இருந்த தங்கையிடம் போவதென்று முடிவாகிவிட்டது.

சாமான் ஏற்றுகிற நாளில் அன்ரி படியடியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா இறங்கவில்லை, மேல்படியில் நின்றார். நடுப்படியில் நான். முறைப்பாடு யாருடையதென்று அன்ரிக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அந்தத் துண்டு பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நான் தமிழில் சொல்ல முன்னமே அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"ஓம், பத்திரமா இருக்கு எண்டு சொல்லு."

நான் சொன்னேன். அன்ரி தலையை ஆட்டினார். அப்படியென்றால் சரி, நெருப்பு உன்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

இலையுதிர் காலத்தில் கீழ்வீட்டுக்கு ஆள் வந்தது. யாரென்று நினைக்கிறீர்கள்? பெரியப்பாவின் அரிசி மூட்டைகள். அந்த வருடம் அவர் தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை திறந்தார். பக்கத்தில் ஸ்டோருக்கு இடம் தேவைப்பட்டது. அன்ரியின் அடுப்பை ஒட்டுப்பலகை வைத்து அடைத்து அதற்கு முன்னால் மூட்டை அடுக்கினார்கள். பின்வளவில் ஷெட் போட ஆப்பிள் மரத்தைத் தறித்தார்கள். பெரியப்பா பேய்க்குப் பயந்தார் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். இப்போது எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. பேய்க்குப் பயந்தவர் பேய் பிடித்த வீட்டில் அரிசி அடுக்குவாரா? இரண்டும் இருந்திருக்கும். பயமும் இருந்திருக்கும், கீழ்வீட்டில் ஒரு கண்ணும் இருந்திருக்கும். தனக்கு வேண்டியதைச் சாமிக்கு வேண்டியதென்று நினைக்கத் தெரிந்தவர்கள் நம்மிலே கொஞ்சப் பேரா?

அந்த டிசம்பரில் அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். நீண்ட இரவன்று நான் பார்க்கப் போனேன். அங்கே எப்போதும் லைற் எரியும், இருட்டே இல்லை. அம்மா என்னை அடையாளம் கண்டார், ஆனால் பேசவில்லை. வருகிற வழியில் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து அழுதேன்.

தைப்பொங்கலுக்கு அம்மாவை வீட்டுக்கு விட்டார்கள். அந்த முறை பெரியப்பா எங்கள் பின்வளவிலேயே பெரிய பொங்கல் வைத்தார், கடைக்கு வந்துபோகிற சனத்தையெல்லாம் கூப்பிட்டு. கல் அடுக்கி, வெளியே அடுப்பு. புகை கிளம்பி அடுத்த வளவுகளுக்கெல்லாம் போனது. ஒரு வெள்ளைக்காரரும் கவுன்சிலுக்குச் சொல்லவில்லை. விறகு எது? ஷெட் மூலையில் அடுக்கிவைத்திருந்த ஆப்பிள் மரம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள், எங்கள் பெரியப்பா அன்ரியின் மரத்தை எரித்துச் சூரியனுக்குப் பொங்கினார். நல்ல வாசமாக எரிந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பொங்கி வழிந்து, படைத்து, எல்லாரும் வாழையிலைத் துண்டோடு நின்றபோது அம்மா அடுப்படிக்குப் போய்க் குந்தினார். எரியாத நுனி ஒன்றை இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்து, சேலைத் தலைப்பில் வைத்துக்கொண்டு எழும்பினார்.

பெரியப்பா கண்டுவிட்டார். "என்ன அது? எறிஞ்சுபோட்டு வாரும்."

அம்மா அவரை நேராகப் பார்த்தார். ஆஸ்பத்திரியால் வந்தபின் அவர் முழு வசனம் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் உயரவில்லை.

"இதையும் சந்தியிலை கொண்டுபோய்ப் போடோணுமோ அத்தான்? இல்லாட்டி, இது நீங்கள் எரிச்ச விறகெண்டபடியால் சாமித்தட்டிலை வைக்கலாமோ?"

பெரியப்பா சனத்தின் பக்கம் திரும்பினார். அப்பா பொங்கல் பானைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். வந்த சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, சர்க்கரை போதுமா என்று கேட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அம்மா மேலே போய் அதற்கும் ஒரு சிவப்பு நூல் கட்டினார். அந்தக் கேள்விக்குப் பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுச் சாமித்தட்டுப் பக்கம் வந்ததே இல்லை. அம்மா வென்றார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்போது நினைத்தேன்.

கட்டை இருந்தது. பற்றவைக்க அடுப்பு இல்லை. கீழ்வீட்டு அடுப்புக்கு முன்னால் சம்பா மூட்டை. அப்பீலில் வென்று, சில வருடம் கழித்து நாங்களும் மோர்டனுக்கு மாறினோம். அங்கே சுவருக்குச் சுவர் ஹீற்றர், புகைபோக்கி சீமெந்து வைத்து மூடியிருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் நீண்ட இரவுக்கு அம்மா அந்தக் கட்டையை வெளியே எடுப்பார். சிவப்பு நூலை அவிழ்த்துத் திருப்பிக் கட்டுவார். பிறகு அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் படுத்தால் தை பிறக்கும்வரை எழும்பமாட்டார். சில வருடம் வீட்டில், சில வருடம் ஆஸ்பத்திரியில். மெழுகுதிரியிலாவது ஒருமுறை கொளுத்துவோம் அம்மா என்று நான் கேட்டிருக்கிறேன்.

"அது தனிய இருந்து கொளுத்துற சாமான் இல்லைப் பிள்ளை" என்பார்.

அன்ரியைத் தேடினேன். வடக்கே எந்த ஊர் என்றுகூட எங்களில் ஒருவரும் கேட்டுவைத்திருக்கவில்லை.

அம்மா போனது போன மார்கழியில். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். ஆண்பிள்ளை இல்லாதபடியால் பெரியப்பாவின் மகன்தான் கொள்ளி வைத்தார். வைத்தார் என்பதும் பேச்சுக்குத்தான், கற்பூரத்தைக் காட்டிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார், திரை மூடிக்கொண்டது. பெரியப்பா நடைவண்டியைப் பிடித்தபடி என் பக்கத்தில் நின்றார். தொண்ணூறை நெருங்கிவிட்டார், கண்ணீர் உண்மையான கண்ணீர்தான். உன்ரை அம்மாவை அந்தக் கிழவியிட்டையிருந்து மீட்டது நான்தான் பிள்ளை என்று என் காதுக்குள் சொன்னார். சண்டை பிடிக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. பெட்டியை மூட முன்னம், சேலை மடிப்புக்குள் நான் வைக்கவேண்டியதை வைத்துவிட்டிருந்தேன். அடுத்த வருடத்துக்கென்று கட்டிவைத்த அந்தக் கட்டை, சிவப்பு நூலோடு. திரைக்குப் பின்னால் காஸ் நெருப்பில் அம்மாவோடு சேர்ந்து அது எரிந்தது.

கொள்ளிக்கட்டை வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்று பெரியப்பா சொன்னது நடந்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் கொள்ளிக்கட்டையும் இல்லை, அம்மாவும் இல்லை.